இடுப்பில் கட்டிய பெட்டி

அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் பிழைக்கிற வேலைகளிலேயே பேச்சு வாங்க அதிக வாய்ப்புள்ளது, மூச்சுவிடவே பாடுபடுகிற ஒருவரிடம் போய் "நாளொன்றுக்கு எவ்வளவு நடப்பீங்க?" என்று கேட்கிற வேலைதான்.

இன்ஷூரன்ஸ் பிடிக்கப் போனவர்கள், சொட்டு மருந்துப் பெட்டியோடு அலைந்தவர்கள், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நமக்கும் நாய்களுக்கும் உள்ள பகை, "இங்க ஆரும் இல்ல" என்று வீட்டுக்காரரே உள்ளேயிருந்து குரல் கொடுப்பது, குடிக்கத் தண்ணீர் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பது எல்லாம் நாம் சேர்ந்து அனுபவித்தவைதான்.

சுனாமி வந்துபோய் ஏழெட்டு வருஷம் கழித்து, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அன்றாடம் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று அளக்க வேண்டும். அதில் எனக்கு வேலை கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று தருவார்கள். பெல்ட் போட்டு இடுப்பில் கட்டினால் உடம்பு அசைவதை எண்ணி, சின்னக் கண்ணாடிச் சன்னலில் எண்ணாகக் காட்டும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றி வைக்கலாம். ஒரு வாரம் கட்டிவிட்டு, பிறகு நான் போய் வாங்கிவந்து கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். நடமாட்டம் ரொம்பக் குறைந்தவர்களைப் பொறுக்கி, வேன் அனுப்பி அழைத்துப்போய், மூச்சுப் பயிற்சி வகுப்பும் உறிஞ்சுகிற மருந்தும் இலவசமாகக் கொடுப்பார்கள். ஆள் நிறைய, இடம் கொஞ்சம்.

அதாவது, எண் குறைந்தவருக்குத்தான் மருந்து. இதை நோயாளிகளிடம் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. சொன்னால் எல்லோரும் மருந்துக்காக அசையாமல் உட்கார்ந்துவிடுவார்களாம். உத்தரவு போட்டவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது. நேசம்மாளைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பெட்டியின் குணம் உங்களுக்குப் பிடிபடும்.

கடல்மேல் நடந்தவர்

மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் மிக்கேல் அண்ணன் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பீடி, போதாததற்கு வள்ளத்து எஞ்சின் புகை. கட்டிலிலிருந்து எழுந்து தண்ணீர்க்குடம் வரை போய்வந்தாலே விலா எலும்பு மேலும் கீழும் ஏறி இறங்கும். இனிக் கடல்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணனும் சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணியிருந்தார். மனைவி பிலோமி அக்கா மீன் சுமந்துகொண்டு கருங்கல் சந்தைக்குப் போய்விட்டால், பொழுது சாயும்வரை மனுஷன் கட்டிலில்தான் கிடக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை.

ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், ஒரே ஒருநாள் மட்டும் விடியற்காலை முதல் மத்தியானம் வரை நிற்காத குலுக்கம். உட்காராமல், இளைப்பாறாமல், ஒரே சீராக. நல்ல மூச்சுள்ளவனே அப்படி நடக்க முடியாது. ஓடுகிற வள்ளத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அப்படி வரும். எஞ்சின் அதிர்வையும் அலையையும் நடை என்று எண்ணிவிட்டது பெட்டி. அந்த நாளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டோம். அடுத்தமுறை போனபோது, "ஒரு நாள் மட்டும் ரொம்ப நடந்திருக்கீங்களே அண்ணே" என்று நான் கேட்க, அண்ணன் கூரையைப் பார்த்தார். வாசலில் மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்த பிலோமி அக்கா அவரைப் பார்க்கவே இல்லை, நோட்டோடு வருகிற பெண் யாராயிருந்தாலும் அவருக்கு டீச்சர்தான், என்னிடம் சொன்னார்:

"கடல்மேல நடந்தது நம்ம ஆண்டவரு ஒருத்தருதான்னு நெனச்சிருந்தேன் டீச்சரே. எங்க வீட்டுலயும் ஒருத்தரு கெடக்காரு, பாத்தியளா."

காற்று போகிற வழி

ஆரல்வாய்மொழிக்குப் போகிறவர்கள் கரண்டு எடுக்கிற காற்றாடிகளைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் அங்கே முத்தையா பாட்டாவைப் பார்க்கப் போவேன். செங்கல் சூளையில் கரியும் சாம்பலும் தின்று தீர்த்த நெஞ்சு அவருக்கு. அவர் வீட்டிலிருந்து டீக்கடைக்குப் போகும்போது காற்று முதுகில் இருக்கும், தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். உள்ளே இழுக்கவே பெலன் இல்லாதவர் எதிரே வருகிற காற்றோடு எப்படி மல்லுக்கட்டுவார்? கடை பெஞ்சிலேயே கிடப்பார். தெரிந்தவர் யாராவது பைக்கில் வந்து ஏற்றிப்போக வேண்டும்.

அதனால் அவர் பெட்டியில் போன நடை இருக்கும், வந்த நடை இருக்காது. "இந்த மனுஷன் வீடு திரும்பவே மாட்டாரா?" என்று எங்கள் ஆபீசில் குழம்பினார்கள். எப்படியோ, எண் குறைவாக இருந்ததால் அவருக்கு வகுப்பில் இடம் கிடைத்தது. சில மாதத்தில் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இரண்டு இடத்தில் நின்று நின்று, காற்றை எதிர்த்தே திரும்பி வருகிற அளவுக்குத் தேறினார். வகுப்பு நிஜமாகவே பலன் தந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் முதல்நாள் நான் பெட்டி கட்டும்போது அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுகிற காற்றாடிகளைப் பார்த்தபடி அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை:

"ஒலகத்துக் காத்தெல்லாம் எங்க ஊரு வழியாத்தான் போவுது தாயி. அதுல எனக்குன்னு ஒரு மடக்கு ஒதுக்க அதுக்கு மனசில்ல பாரு."

அடுக்களை

நேசம்மாள் வீடு குலசேகரம் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே. பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். கணவர் பொன்னையன் பால்வெட்டுக்காரர். இருட்டோடு எழுந்து, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, பிறர் தோட்டத்திலும் தன்னுடைய கொஞ்சம் மரங்களிலுமாகப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பார். அந்தப் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்தால் அதைப் புகையில் காயப்போட வேண்டும். வசதியுள்ளவர்கள் அதற்கென்று தனியாகப் புகைப்புரை கட்டியிருப்பார்கள். இல்லாதவர்கள் வீட்டு அடுப்புக்கு மேலேயே மூங்கில் கம்பு கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஷீட்டுக்காக அடுப்பு அணையாமல் புகைந்துகொண்டே இருக்கும். வெள்ளையாகத் தொங்கியது நாளாக ஆகத் தேன் நிறத்துக்கு வரும்.

அதற்குக் கீழே, கல்யாணமாகி வந்த நாள் முதல் நேசம்மாள். ஒரு பீடியைக் கையால் தொட்டதில்லை. நான் பார்க்கும்போது ஒரு பேச்சை மூன்றாக உடைத்து, நடுவே நடுவே மூச்சு வாங்கித்தான் பேசுவார். மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும், அதனால் ராத்திரி முழுக்க சாக்கில் சாய்ந்து உட்கார்ந்தே உறக்கம். "ஒரே ஒரு ராத்திரி நீண்டு நிமிந்து கெடந்து உறங்கணும் மோளே, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். வகுப்பில் இடம் கிடைத்து மருந்தும் சேர்ந்தால் அது நடக்கக்கூடிய காரியம்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கட்டினேன். அடுப்புக்கு மேலே பார்த்து, "இதுக்குக் கீழயேதான் எப்பவும் இருப்பீங்களா?" என்று கேட்டேன். நேசம்மாள் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபிறகு சொன்னார்:

"ஷீட்டுக்கும் எனக்கும் ஒரே பொகைதான் மோளே. பொகை பட்டதும் அதுக்கு வெலை கூடிச்சு, எனக்குக் கொறஞ்சிது."

மார்க்கு

பெல்ட் நழுவாமல் இருக்கிறதா என்று பார்க்க வாரத்தின் நடுவே ஒருமுறை போவது வழக்கம். நான் போன நேரம் பொன்னையன் வீட்டில் இருந்தார். தினமும் சாயங்காலம் வந்ததும், கைகால் கழுவுவதற்கு முன்னால், மனைவியின் இடுப்புப் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறாராம். எண்ணுக்கு அவர் வைத்த பெயர் மார்க்கு. நேசம்மாளின் மார்க்கு ரொம்ப மோசம். நின்றால் மூச்சு முட்டுவதால் அவர் எல்லா வேலையையும் உட்கார்ந்தே செய்தார். மரச்சீனிக் கிழங்கு தோலுரிப்பது, தேங்காய் திருவுவது, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுபாலிலிருந்து பட்டையும் தூசியும் பிடுங்குவது எல்லாம். கை ஓய்வதே இல்லை. ஆனால் பெட்டி இருப்பது இடுப்பில். கை செய்கிற வேலை அதற்கு வேலையே இல்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. அதே எண்ணை எங்கள் ஆபீசில் பார்த்தால் "ஐயோ பாவம்" என்பார்கள். அடுக்களையில் அதற்குச் சோம்பல் என்று பெயர். நடமாட்டம் குறைந்தால் நோய், அவர் பேச்சில் தீனம், முற்றியிருக்கிறது என்று பொருள், அம்மா சும்மா இருக்கவில்லை என்று எடுத்துச் சொன்னேன். "மார்க்கு கொறஞ்சா பாஸா? எந்த ஊரு பள்ளிக்கூடம் பிள்ளே அது?" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. குடிக்க மாட்டார், கையை ஓங்க மாட்டார். தன் முழங்கால் வீங்கியிருக்கும்போதும் பால் வெட்டப் போகிறவருக்கு, உடம்பு முடியாமல் போவது என்பது எதிரே உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் சொல்லி நம்பாதவர், பெட்டியை மட்டும் நம்பினார். என்னை வழியனுப்ப முற்றம் வரை வந்து, இரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தீனம் தீனம்னு இத்தன காலம் என்னை நம்ப வச்சா. பெட்டி உள்ளதச் சொல்லிட்டுல்லா. இவளுக்குத் தீனம் ஒண்ணும் இல்ல பிள்ளே, மடி."

கிணற்றடி

வாரம் முடிந்து பெட்டியை வாங்கப் போனபோது நேசம்மாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு கறுத்த நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினார். அவர் பேசத் தொடங்கும்வரை பக்கத்திலிருந்த துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கழற்றினால் எண் ஏறிக் கிடக்கிறது. முதல் நாட்களின் எண்ணைப் பார்த்த நானே கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

பொன்னையன் வெளியே போனதும் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் கிணற்றுக்குமாக நடந்திருக்கிறார். நாலு அடிக்கு ஒருமுறை நின்று, சுவரைப் பிடித்து, மறுபடி நாலு அடி. வாரத்தின் நடுவே நான் வந்துபோன அன்றிலிருந்து இதுதான். தண்ணீருக்காக இல்லை, மார்க்குக்காக. பலனும் உடனே கிடைத்திருக்கிறது. ஏறிய எண்ணைப் பார்த்து மனம் குளிர்ந்த பொன்னையன், ஜங்ஷனிலிருந்து ஏத்தம்பழம் வாங்கிவந்து கையில் கொடுத்தாராம். சர்ச் சபையில் நாலுபேரிடம் "அவளுக்கு இப்பம் கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது, என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது நேசம்மாளின் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"அவியளுக்க வாய அடைக்கணும்லா மோளே... அதுக்கு எனக்க மூச்ச... கொஞ்சம் அடைச்சேன், அவ்வளவுதான்."

சன்னல் இல்லாத பெட்டி

நான் பயந்தபடியே நடந்தது. வாரத்தின் சராசரி கூடிவிட்டதால் நேசம்மாளுக்கு வகுப்பில் இடம் இல்லை. எங்கள் டாக்டர் அம்மா நல்லவர், எங்கள் ஊர் மழையிலும் தானே ஜீப்பில் ஏறி மலையடிவாரம் வரை வருகிறவர். அவரிடம் போய்க் கிணற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். "நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா ஒருத்தருக்காக எண்ணை மாத்தினா, மாத்தாத மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். நான் சண்டை போட்டேன். கடைசியில், மழைக்காலத்தில் அடுத்த சுற்று நடக்கும்போது முதல் ஆளாக நேசம்மாளுக்குக் கட்டலாம் என்று ஒத்துக்கொண்டார். அப்போது புதுப் பெட்டிகள் வரும், அவற்றில் சன்னலே கிடையாது, யாரும் எண்ணைப் பார்க்க முடியாது என்றும் சொன்னார்.

ஆக, வியாதி இன்னும் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். வெளியே வந்து வகுப்பு நடத்துகிற செல்வினிடம் கொட்டித் தீர்த்தேன். என்னைவிட இளையவன், பிசியோதெரபி படித்தவன், நோயாளிகளை ஊதச்சொல்லி ஊதச்சொல்லித் தன் தொண்டை கட்டிப்போனவன். இதில் நேசம்மாள் மேலும் தப்பில்லை, பொன்னையன் மேலும் தப்பில்லை என்றான். எனக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. முறைத்தேன். பலூனை ஊதிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"அளக்கிறாங்கன்னு தெரிஞ்சா எந்த மனுஷனும் உள்ளபடி இருக்கமாட்டான் அக்கா. போட்டோ எடுக்கும்போ வயித்த எக்கிட்டு நிப்பாங்கல்லா, அதேதான்."

உள்ளதுபோல

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் புதுப் பெட்டியோடு போனேன். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே ஷீட் இன்னும் நெருக்கமாகத் தொங்கியது. நேசம்மாள் அடுக்களையில் இல்லை. உள்ளறையில் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பு காணாமல் போயிருந்தது. அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவர் பொன்னையன். மனைவியைக் கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப்போவதும், முகம் துடைத்துவிடுவதும் அவர்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மடி என்ற வார்த்தை அந்த வீட்டில் இப்போது இல்லை. மனிதர் பேசுவதையே குறைத்திருந்தார்.

பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல நம்பரு தெரியாதா?" என்றார். கம்ப்யூட்டரில்தான் தெரியும் என்றேன். "கொறஞ்சா என்ன செய்வாவ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு வாய்ப்பூட்டு. "ஒண்ணும் செய்யமாட்டாங்க, உள்ளபடி இருந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னேன். பெல்ட்டை எங்கே கட்டுவது, உறங்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுவது எல்லாம் இந்தமுறை அவருக்குத்தான் காட்டிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நேசம்மாளிடம் குனிந்து, "இந்தத் தடவ நடக்காதீங்கம்மா, எனக்காக" என்றேன். பயப்படாதே என்பதுபோல அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்:

"பேடிக்காண்டாம் மோளே... நடக்கணும்னு நெனச்சாலும்... இனி ஆவாது... இந்த மட்டம்... உள்ளதுபோல இருப்பேன்."

மரம் விட்டு மரம்

ஒரு வாரம் கழித்துப் பெட்டியைப் பொன்னையன் ஜங்ஷனுக்கே கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் சுற்றி, நான் உட்கார்ந்திருந்த பஸ்ஸின் சன்னல் வழியாகக் கொடுத்தார். மறுநாளோ அதற்கு மறுநாளோ சொருகிப் பார்த்திருக்கலாம், ஆபீசில் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் மக்கர், இப்படியே சில நாள் போய்விட்டது. கடைசியில் திரையில் கோடுகள் வந்தபோது டாக்டர் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். "இவங்க உங்களையும் என்னையும்விட நல்லா நடக்கிறாங்களே!" என்றார். திரையில் பெயரை மறுபடி பார்த்தேன். உள்ளதுபோல இருப்பேன் என்று கையைப் பிடித்துச் சொன்னவரா?

பிறகுதான் கோட்டை நிதானமாகப் பார்த்தேன். தினமும் விடிவதற்கு முன்னால் நடை தொடங்குகிறது. கொஞ்சம் நடை, ஒரு நிற்பு. மறுபடி கொஞ்சம் நடை, ஒரு நிற்பு. வெளிச்சம் வரும்வரை இதே தாளம். அதன்பிறகு பகல் முழுவதும் செத்த கோடு. அந்தத் தாளம் எனக்குத் தெரியும். என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். மரத்தடிக்குப் போவார், நிற்பார், பட்டையைச் சீவுவார், பால் வடிகிற சிரட்டையைச் சரியாக வைப்பார், அடுத்த மரத்துக்குப் போவார். ஆணியில் தொங்கிய பெட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறார் பொன்னையன். திரும்பி வந்து மனைவியின் இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறார். நான் விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டிச் சொல்லி முடித்ததும், டாக்டர் அம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்து, அந்தச் செத்த கோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். அதுதான் நேசம்மாள்.

"காலையிலயே போய் அவர்கிட்டக் கேளுங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்த வாரமே வேன் அனுப்புறேன்."

சும்மா

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, ஏற்றிப்போக வண்டி வருவதற்காகக் காத்திருந்தன. நேசம்மாளை அடக்கம் பண்ணி இரண்டு நாள் ஆகியிருந்தது.

பொன்னையன் அடுக்களையில், அணைந்த அடுப்புக்கு முன்னால், நேசம்மாள் உட்காருகிற பலகையில் உட்கார்ந்திருந்தார். மேலே மூங்கில் கம்புகள் மட்டும் இருந்தன. ஷீட் எல்லாவற்றையும் இழுத்து முற்றத்தில் போட்டிருந்தார், மழையில் நனைந்து கிடந்தது. அவர்தான் முதலில் பேசினார், அதுவும் பெட்டியைப் பற்றி. "நம்பரு எப்பிடி பிள்ளே?" என்றார். அவர் கண்ணைப் பார்த்தபிறகு கேட்கவந்த கேள்வியை என்னால் கேட்க முடியவில்லை. "நல்லா வந்திருக்கு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். மார்க்கு குறைந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று பயந்தாராம். ஒருகாலத்தில் அதே மார்க்கைச் சொல்லி அவளை நோகடித்ததும் மனதில் குத்திக்கொண்டே இருந்ததாம். அவள் உறங்கும்போது ஆணியிலிருந்து எடுத்தாராம், அவளுக்குக்கூடத் தெரியாதாம்.

எங்கள் பெட்டிதான் அவருக்கு எமன் என்றோ, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்றோ இரண்டில் ஒன்றை நான் சொல்லியிருக்கலாம். இரண்டும் பாதி உண்மை. முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொன்னையன் மூங்கில் கம்பை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு முடியல்ல, அதான் அவளுக்க நடைய நான் நடந்தேன். நம்பரு கொள்ளாம்னு சொல்லுதியல்லா, அது போரும். இனி அவ நீண்டு நிமிந்து சும்மா கெடக்கட்டு."

பிறகும் சில வருஷம் மாவட்டம் முழுக்க மூச்சில்லாதவர்களின் இடுப்பில் பெட்டி கட்டிக்கொண்டு திரிந்தேன், நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அந்தப் பெட்டி ஒருநாளும் பொய் சொன்னதில்லை, யார் இடுப்பில் இருந்தாலும் உண்மையைத்தான் சொன்னது.